அமெச்சூர் வானொலி: பினாங்கில் தொடங்குவது எப்படி? கைகொடுக்க மூத்தவர்கள் தேவை

ஜார்ஜ்டவுன் - பினாங்கு வயர்லெஸ் சங்கம் 1934-ஆம் ஆண்டில் 'இசட்எச்ஜே' என்ற அழைப்புக் குறியுடன் ஒலிபரப்பைத் தொடங்கியது. மலாய், ஆங்கிலம், சீனம் ஆகிய மொழிகளோடு தமிழும் அந்த நிலையத்தில் ஒலித்தது. அதை நடத்தியது அரசாங்கமோ பெரிய நிறுவனமோ அல்ல. வானொலி மீது கொண்ட ஆர்வத்தால் ஒன்றுகூடிய உறுப்பினர்களின் சங்கம்தான் அது. மலாயாவில் வானொலியே இப்படித்தான் வேர்விட்டது. 1921-இல் ஜொகூர் அரசாங்கத்தின் மின்சார அதிகாரி ஏ.எல்.பர்ச் முதல் வானொலிக் கருவியை இங்குக் கொண்டுவந்து, ஜொகூர் வயர்லெஸ் சங்கத்தை அமைத்தார். கோலாலம்பூரிலும் அதேபோன்ற சங்கம் தோன்றியது.

இன்று மின்னல் எஃப்எம் கேட்டு வளர்ந்த பினாங்குத் தமிழர்களில் பலருக்கு, வானொலி என்பது காதால் கேட்கும் பொருள் மட்டுமே. தாமே ஓர் அலைவரிசையில் பேசலாம், அதற்கு அரசாங்க உரிமம் பெறலாம், சொந்தமாக ஓர் அழைப்புக் குறி வைத்துக்கொள்ளலாம் என்பது தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களும் யாரிடம் போய்க் கேட்பது என்ற தயக்கத்தில் நின்றுவிடுகின்றனர். அந்தத் தயக்கத்தைத் தாண்ட உதவும் விவரங்கள் இதோ.

அமெச்சூர் வானொலி என்றால் என்ன?

பொழுதுபோக்காகவும், தொழில்நுட்பத்தைக் கற்கவும், பேரிடரில் உதவவும் தனிநபர்கள் நடத்தும் இருவழி வானொலித் தொடர்பே அமெச்சூர் வானொலி. 'ஹேம் வானொலி' என்ற பெயரும் உண்டு. இதில் பணம் சம்பாதிக்க முடியாது. பாட்டுப் போட முடியாது. விளம்பரம் செய்ய முடியாது. உரிமம் பெற்ற ஒருவர், உரிமம் பெற்ற இன்னொருவரோடு பேசலாம்.

மலேசியாவில் இதை ஒழுங்குபடுத்துவது, 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் இயங்கும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம். அமெச்சூர்களின் தேசியச் சங்கம் 'மார்ட்ஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் மலேசிய அமெச்சூர் வானொலிச் சங்கம். இது, 1925-இல் பாரிசில் தோன்றிய அனைத்துலக அமெச்சூர் வானொலி ஒன்றியத்தின் உறுப்பு. அந்த ஒன்றியம் தோன்றிய ஏப்ரல் 18-ஆம் நாளே ஆண்டுதோறும் உலக அமெச்சூர் வானொலி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

கடைகளில் கிடைக்கும் 477 மெகாஹெர்ட்ஸ் வாக்கி-டாக்கிக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அங்கீகரிக்கப்பட்ட அந்தக் கருவியைத் தனி உரிமம் இன்றி யாரும் பயன்படுத்தலாம். ஆனால், அலைவரிசையும் ஆற்றலும் வரையறுக்கப்பட்டவை. அமெச்சூருக்கோ பல அலைவரிசைகள் திறந்திருக்கின்றன. 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையிலான '2 மீட்டர்' வரிசை உள்ளூர்ப் பேச்சுக்கு. 7 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் உள்ள '40 மீட்டர்' போன்ற சிற்றலை வரிசைகள் அண்டை நாடுகளுக்கும் அதற்கு அப்பாலும். எந்த வரிசையில், எவ்வளவு ஆற்றலில் பேசலாம் என்பது உரிமத்தின் வகுப்பைப் பொறுத்தது.

கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு?

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை மலேசியாவில் 68 உயிர்களைப் பறித்தது. அவர்களில் பெரும்பாலோர் பினாங்கில் இறந்தவர்கள். அதே நாளில், இதே கடலின் மேற்கே அந்தமான் தீவுகளின் தொடர்புகள் அறுந்தன. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத், அப்போது போர்ட் பிளேரில் குழுவினருடன் அமெச்சூர் நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். உலகெங்கும் உள்ள ஹேம்களோடு பேசுவதற்காகச் சென்ற பயணம் அது. நிலநடுக்கத்துக்குப் பின் அந்த நிலையமே தீவுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கொண்டு செல்லும் பாலமானது. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தவித்த குடும்பங்களுக்கு அதன் வழியாகத் தகவல் போய்ச் சேர்ந்தது. இலங்கையிலும் வானொலிச் சங்கத்தின் ஹேம்கள் அம்பாந்தோட்டைக்குச் சென்று, கொழும்போடு சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்தினர்.

பினாங்கு மக்கள் 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் வீசிய புயல்மழையையும் வெள்ளத்தையும் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் நின்றால் கைப்பேசிக் கோபுரத்தின் மின்கலம் சில மணி நேரமே தாங்கும். ஒரு கார் பேட்டரி, ஒரு கருவி, ஒரு கம்பி ஆகிய மூன்றும் இருந்தால் அமெச்சூர் நிலையம் இயங்கும். அவசர எண் 999-க்கு இது மாற்றாகாது. மற்ற வழிகள் அடைபட்டபோது கைகொடுக்கும் துணை வழி இது. அந்த நேரத்தில் கைகொடுக்க வேண்டுமானால், அதற்கு முன்பே பழகியவர்கள் அந்த வட்டாரத்தில் இருக்க வேண்டும்.

முதல் படி: காதைத் தீட்டுங்கள்

பேசுவதற்குத்தான் உரிமம் வேண்டும். அமெச்சூர்கள் பேசுவதைக் கேட்டுப் பழகுவதே தொடக்கநிலையினருக்கு மூத்தவர்கள் முதலில் சொல்லும் பாடம். சிற்றலை வசதியுள்ள பழைய வானொலிப் பெட்டி வீட்டில் இருந்தால் போதும். ஒற்றைப் பக்கப் பட்டை எனப்படும் 'எஸ்எஸ்பி' வசதி அதில் இருந்தால், அமெச்சூர்களின் சிற்றலைப் பேச்சு தெளிவாகக் கேட்கும். பெட்டி இல்லாதவர்களுக்கு, நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்துள்ள அலைவாங்கி போன்றவை உதவும். கணினியில் சுட்டியை நகர்த்தி, ஐரோப்பாவில் கேட்கும் அலைகளை இங்கிருந்தே கேட்கலாம்.

இரண்டு வாரம் கேட்டாலே சில சொற்கள் பழகிவிடும். 'சிக்யூ' என்றால் யாராவது பேச வாருங்கள் என்ற பொது அழைப்பு. 'க்யூடிஎச்' என்றால் இருக்கும் இடம். 'க்யூஎஸ்எல்' என்றால் கிடைத்தது என்ற உறுதி. '73' என்றால் வாழ்த்துகள். 'ஐந்து-ஒன்பது' என்றால் பேச்சு தெளிவாகவும் வலுவாகவும் கேட்கிறது என்று பொருள்.

வழிகாட்டி ஏன் முக்கியம்?

அமெரிக்காவில் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் மூத்த ஹேம்களை 'எல்மர்' என்று அழைப்பார்கள். 1971-இல் அந்நாட்டின் 'க்யூஎஸ்டி' இதழில், எல்மர் என்ற பெயர் கொண்ட ஒரு மூத்தவரைப் பாராட்டி வந்த குறிப்பிலிருந்து இந்தச் சொல் பரவியது. நம் வழக்கில் சொன்னால் வாத்தியார். தவில், நாதஸ்வரம் போலவே இதிலும் புத்தகம் பாதி, குருவின் பக்கத்தில் அமர்ந்து கற்பது பாதி.

வழிகாட்டியிடம் கற்க வேண்டியவை எவை? எந்தக் கருவியை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பது முதலாவது. தொடக்கத்தில் அதிகப் பணம் வீணாவது இங்குதான். இரண்டாவது, ஆன்டெனா கட்டுவதும் இணைப்புகளைப் பற்றவைப்பதும். மூன்றாவது, அலைவரிசையில் பேசும் பண்பாடு. மற்றவர் பேசி முடிக்கும் வரை காத்திருப்பது, இடையில் ஒரு வினாடி விடுவது, அவசரச் செய்தி வந்தால் உடனே ஒதுங்குவது போன்றவை புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும். பழக்கத்தில் வர மாதங்கள் ஆகும். நான்காவது, தேர்வுக்கு எதைப் படிப்பது என்பது.

வழிகாட்டியைக் கண்டுபிடிக்க மார்ட்ஸ் சங்கத்தையும் வட மாநில அமெச்சூர் குழுக்களையும் தொடர்புகொள்ளலாம். ஆண்டுதோறும் நடக்கும் கூட்டங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் உரிமம் இல்லாதவர்களும் சென்று பார்க்கலாம். பினாங்குக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. 1970-களில் பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்ததிலிருந்து, இருவழி வானொலி தயாரிப்பிலும் வடிவமைப்பிலும் வேலை செய்தவர்கள் இந்தத் தீவில் நிறைய இருக்கின்றனர். மோட்டோரோலா தொழிற்சாலையில் பணியாற்றிய நம் அக்காமார்கள், அண்ணன்மார்கள் பலர் இன்று ஓய்வுபெற்றுள்ளனர். அவர்கள் அனைவரும் ஹேம்கள் அல்லர். ஆனால், பற்றவைப்பது, மின்சுற்று வரைபடம் படிப்பது, அளவுமானி பிடிப்பது ஆகியவற்றை ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க அவர்களால் முடியும்.

நல்ல வழிகாட்டியை அடையாளம் காண்பது எளிது. அவர் தம்முடைய அழைப்புக் குறியைத் தயங்காமல் சொல்வார். உரிமம் இல்லாமல் பேசச் சொல்ல மாட்டார். கருவி விற்பதிலேயே குறியாக இருக்க மாட்டார். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கற்கச் செல்லும்போது பெற்றோரோ ஆசிரியரோ உடன் செல்வது நல்லது. குழு வகுப்பாக இருந்தால் இன்னும் நல்லது.

தேர்வும் மொழித் தடையும்

உரிமத்துக்கு முதல் தேவை, 'ஆர்ஏஇ' எனப்படும் வானொலி அமெச்சூர் தேர்வு. சட்டமும் விதிகளும் ஒரு பகுதி. அடிப்படை மின்னியல், வானொலித் தொழில்நுட்பம் மற்றொரு பகுதி. தேர்ச்சி பெற்றவர் சான்றிதழைக் கொண்டு ஆணையத்திடம் நிலைய உரிமத்துக்கும் அழைப்புக் குறிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நாள், கட்டணம், உரிம வகுப்புகள் ஆகியவை அவ்வப்போது மாறக்கூடியவை. ஆகவே, விண்ணப்பிக்கும் முன் ஆணையத்தின் அதிகாரப்பூர்வ அறிவிப்பைப் பார்ப்பது அவசியம்.

மோர்ஸ் தந்திக் குறி தெரியாமல் ஹேம் ஆக முடியாது என்று பலர் இன்னமும் நினைக்கின்றனர். சிற்றலையில் பேச மோர்ஸ் கட்டாயம் என்ற அனைத்துலக விதி 2003-இலேயே நீக்கப்பட்டது. நாடுகள் தத்தம் விருப்பப்படி முடிவு செய்துகொள்ளலாம். மலேசியாவில் நீண்டகாலமாகப் பலருக்கு நுழைவாயிலாக இருந்துவந்த 'பி' வகுப்புக்கு மோர்ஸ் தேவைப்பட்டதில்லை.

தேர்வு தமிழில் இல்லை. தமிழ்ப்பள்ளியில் அறிவியல் படித்த பிள்ளைக்குப் பொருள் புரிந்திருக்கும், சொல் மட்டும் புதிதாக இருக்கும். எனவே, சொற்களை இணைத்துப் படிப்பது பயன் தரும். மின்னழுத்தம் மலாயில் வோல்தான். மின்னோட்டம் ஆருஸ். மின்தடை ரிந்தாங்கான். அதிர்வெண் ஃப்ரெக்குவென்சி. அலைநீளம் பாஞ்சாங் கெலொம்பாங். இந்த ஐந்து சொற்கள் பிடிபட்டால் பாதிப் பாடம் திறந்துவிடும்.

கணக்கும் கடினமில்லை. மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். 12 வோல்ட்டை 6 ஓம் தடையால் வகுத்தால் 2 ஆம்பியர். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 2.07 மீட்டர். அதனால்தான் அதற்கு '2 மீட்டர்' வரிசை என்று பெயர்.

பெயரைப் போன்ற அழைப்புக் குறி

ஒவ்வோர் அமெச்சூருக்கும் உலகில் வேறு யாருக்கும் இல்லாத குறி ஒன்று வழங்கப்படும். தீபகற்ப மலேசியாவில் 'ஏ' வகுப்பினருக்கு '9எம்2', 'பி' வகுப்பினருக்கு '9டபிள்யூ2' என்று தொடங்குவது வழக்கம். சபாவுக்கு 6, சரவாக்குக்கு 8. சிங்கப்பூர்க் குறி '9வி1' என்றும், இலங்கைக் குறி '4எஸ்7' என்றும், இந்தியக் குறி 'வியூ' என்ற எழுத்துகளிலும் தொடங்கும். முன்னாள் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் 'வியூ2ஆர்ஜி' என்ற குறியுடைய அமெச்சூர்தான். மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபார் சுக்கோர் 2007 அக்டோபரில் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து மலேசிய மாணவர்களுடன் பேசியதும் அமெச்சூர் வானொலி வழியாகவே.

கருவியும் ஆன்டெனாவும்

தொடக்கத்துக்கு ஒரு கைக்கருவி போதும். சிரிம் சான்றும் ஆணையத்தின் முத்திரையும் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று சான்றில்லாத கருவியை வாங்குவது சிக்கலை விலைக்கு வாங்குவதாகும். உரிமம் வருவதற்கு முன் அதன் பேசும் பொத்தானை அழுத்தவே கூடாது. அனுமதியின்றி அலைபரப்புவது சட்டப்படி குற்றம். அபராதமும் சிறையும் உண்டு.

2 மீட்டர் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. தரையில் நிற்பவரின் கைக்கருவிக்கு அலைத் தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டர். ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுள்ள இருபதாவது மாடியில் அதுவே 30 கிலோமீட்டரைத் தாண்டும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர் ஆன்டெனா வைக்க இடமில்லையே என்று வருந்த வேண்டாம். அவருடைய சன்னலே கோபுரம். வெளியே எதையும் பொருத்துவதற்கு முன் கட்டட நிர்வாகத்திடம் அனுமதி பெற வேண்டும்.

ஜார்ஜ்டவுனிலிருந்து பாலேக் பூலாவுக்கு நேரடியாகப் பேச முடியாமல் போவதற்குக் காரணம் நடுவே நிற்கும் கொடிமலைத் தொடர். அதே மலை உதவியும் செய்யும். 833 மீட்டர் உச்சிக்கு அலைத் தொடுவானம் ஏறத்தாழ 119 கிலோமீட்டர். இதுபோன்ற உயரங்களில் 'ரிப்பீட்டர்' எனும் மறு ஒலிபரப்புக் கருவியை வைத்தால், ஒரு பக்கத்துக் கைக்கருவியின் அலையை வாங்கி மறுபக்கத்துக்கு அனுப்பிவிடும்.

நிபோங் திபால், புக்கிட் மெர்த்தாஜாம் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு வேறொரு வசதி உண்டு, அதுதான் இடம். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கான அரை அலைக் கம்பி ஆன்டெனாவுக்குப் பக்கத்துக்குச் சுமார் 10 மீட்டர் வீதம் மொத்தம் 20 மீட்டர் செம்புக் கம்பி வேண்டும். இரண்டு மரங்களுக்கு இடையே கட்டிவிடலாம். நகரத்தில் மின்விளக்குகளும் மின்னேற்றிகளும் எழுப்பும் இரைச்சல் தோட்டத்தில் குறைவு. பட்டணத்து ஹேம் பொறாமைப்படும் அமைதி அது.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மின்கம்பிகளுக்கு அருகில் ஆன்டெனாக் கம்பியை எறிவதோ உயர்த்துவதோ உயிருக்கு ஆபத்து. இடி இடிக்கும் முன்பே ஆன்டெனா இணைப்பைக் கழற்றி வைக்க வேண்டும். அலைபரப்பும்போது ஆன்டெனாவை யாரும் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் பேச்சு எப்படி இருக்கும்?

உரிமம் பெற்ற அன்று பலருக்கும் நா வறண்டுவிடும். வழி எளிது. முதலில் அலைவரிசை காலியாக உள்ளதா என்று கேட்க வேண்டும். பிறகு, 'சிக்யூ' சொல்லி, தம் அழைப்புக் குறியை ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற உச்சரிப்பு முறையில் நிதானமாக இருமுறை சொல்ல வேண்டும். பதில் வந்தால் பெயர், ஊர், கேட்கும் தரம் ஆகியவற்றைச் சொல்லி, '73' என்று முடிக்கலாம். பேசிய நாள், நேரம், அலைவரிசை, எதிர்முனைக் குறி ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது நல்ல பழக்கம். பின்னர் இருவரும் 'க்யூஎஸ்எல்' அட்டைகளைப் பரிமாறிக்கொள்வர். அந்த அட்டையே பேச்சு நடந்ததற்குச் சான்று. இரு தமிழர்கள் சந்தித்தால் தமிழிலும் பேசலாம். அழைப்புக் குறியைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், மறைமொழி கூடாது என்பவையே நிபந்தனை.

சமூகம் செய்யக்கூடியது

ஒரு பிள்ளை தனியாகத் தொடங்கினால் பாதியில் விட்டுவிட வாய்ப்பு அதிகம். ஐந்து பேர் சேர்ந்து தொடங்கினால் ஒருவர் சோரும்போது மற்றவர் இழுத்துச் செல்வர். தமிழ்ப்பள்ளி அறிவியல் மன்றம், தோட்டத்து இளைஞர் மன்றம், ஆலய மண்டபம் ஆகிய மூன்றில் ஏதாவது ஓரிடத்தில் மாதம் இருமுறை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் தேர்வுக்கான வகுப்பை நடத்தலாம். அதற்குத் தேவை ஒரு கரும்பலகை, ஒரு பழைய வானொலிப் பெட்டி, அழைப்புக் குறி உள்ள ஒரு வாத்தியார். மற்ற இனத்து மூத்த அமெச்சூர்களை அழைப்பதிலும் தயக்கம் வேண்டாம். அலைவரிசையில் முதலில் கேட்கப்படுவது அழைப்புக் குறிதான், இனம் அல்ல.

வாத்தியார் கிடைத்தவர்கள் செய்ய வேண்டிய கடமை ஒன்றும் உண்டு. மூத்த ஹேம்கள் பலருக்கு வயதாகிவிட்டது. அவர்கள் கையில் உள்ள அனுபவம் எழுதப்படாதது. உட்கார்ந்து கேட்க ஆள் இருக்கும் வரைதான் அது கிடைக்கும். உரிமம் பெற்றவர் ஓராண்டுக்குள் இன்னொருவரையாவது தேர்வுக்குத் தயார்படுத்தினால், அடுத்த வெள்ளத்தின்போதோ புயலின்போதோ அந்த வட்டாரத்தில் கருவியைக் கையில் எடுக்கத் தெரிந்தவர்கள் இருவர் இருப்பார்கள்.